தோட்டாவுக்கு யார் கணக்கு கேட்பது?

2022 மே மாதம். அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் யுவால்டே என்ற சிற்றூர். 18 வயது நிறைந்த கையோடு ஓர் இளைஞன் ஆன்லைனில் ஆயுதம் வாங்குகிறான். ஒரு ஏ.ஆர். ரக ரைஃபிள், விலை 2,000 டாலருக்குக் கொஞ்சம் மேலே. கூடவே 1,740 தோட்டாக்கள்; விலை 1,761 டாலர். ரைஃபிளை அவன் வீட்டு முகவரிக்கு அனுப்பச் சட்டம் இடம் தரவில்லை. ஊரிலுள்ள லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிக் கடைக்குத்தான் அது வந்து சேர வேண்டும். அவன் அங்கே நேரில் போய், அடையாள அட்டை காட்டி, படிவம் நிரப்பி, எஃப்.பி.ஐ.யின் கணினியில் அவன் பெயரைத் தட்டிப் பார்த்த பிறகே கையில் கொடுப்பார்கள். தோட்டாக்களுக்கு இந்த அலைச்சல் எதுவும் இல்லை. அவை வீட்டு வாசலுக்கே வந்து இறங்கின.

மே 24 அன்று அவன் அவ்வூரின் ராப் தொடக்கப் பள்ளிக்குள் புகுந்தான். 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் இறந்தார்கள்.

அவன்மீது அதுவரை வழக்கு எதுவும் இருக்கவில்லை. அதனால்தான் துப்பாக்கிக்கான சோதனையில் தேறினான். தோட்டாவுக்கும் அப்படி ஒரு சோதனை வைத்திருந்தால் அதிலும் தேறியிருப்பான். ஆகவே, சோதனை இருந்திருந்தால் அந்தப் பிள்ளைகள் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு கேள்வி மனதை விட்டு அகல மறுக்கிறது. சுடுகிற கருவியை வாங்க ஒரு கடை, ஒரு படிவம், ஒரு சோதனை வேண்டும். அதில் போட்டுச் சுடுகிற 1,740 தோட்டாக்களை வாங்கப் பணம் மட்டும் போதும். இப்படி ஓர் ஏற்பாட்டை ஒரு நாடு எப்போது, எதற்காகச் செய்துகொண்டது?

இருந்த பேரேடு எங்கே போனது?

அமெரிக்காவில் தோட்டாவுக்கு எப்போதுமே கணக்கு இல்லாமல் இருந்தது என்று நினைத்துவிட வேண்டாம். 1963 நவம்பரில் ஜனாதிபதி ஜான் கென்னடியைக் கொன்ற ரைஃபிள், பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்து, பொய்ப் பெயரில், தபால் மூலம் வரவழைக்கப்பட்டது. நாடே அதிர்ந்தது. என்றாலும் சட்டம் வர ஐந்து ஆண்டுகள் ஆயின. 1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங், ஜூனில் ராபர்ட் கென்னடி என்று மேலும் இருவர் சுடப்பட்டு இறந்த பிறகுதான், அந்த ஆண்டு அக்டோபரில் லிண்டன் ஜான்சன் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் கையெழுத்திட்டார்.

அந்தச் சட்டம் துப்பாக்கியையும் தோட்டாவையும் பிரித்துப் பார்க்கவில்லை. தோட்டா விற்கவும் லைசென்ஸ் வேண்டும். தபாலில் பொதுமக்களுக்கு அனுப்பக் கூடாது. வாங்குபவரின் பெயர், முகவரி, வயது எல்லாவற்றையும் கடைக்காரர் பேரேட்டில் எழுதி வைக்க வேண்டும்.

பிறகு முணுமுணுப்பு தொடங்கியது. முயல் வேட்டைக்கும் தகர டப்பாவைக் குறிபார்த்துப் பழகவும் பயன்படும் சின்ன .22 தோட்டாவுக்குக்கூட ஒவ்வொரு முறையும் எழுத வேண்டியிருக்கிறது என்று கடைக்காரர்கள் அலுத்துக்கொண்டார்கள். 1982-ல் அந்த ரகத்துக்கு விலக்கு கிடைத்தது. 1986 மே மாதம் ரொனால்ட் ரீகன் கையெழுத்திட்ட துப்பாக்கி உரிமையாளர் பாதுகாப்புச் சட்டம் மிச்சத்தையும் துடைத்தது. கவசத்தைத் துளைக்கும் ரகம் ஒன்றைத் தவிர மற்ற தோட்டாக்களுக்குப் பேரேடு தேவையில்லை, தோட்டா மட்டும் விற்பவருக்கு லைசென்ஸ் தேவையில்லை, மாநிலம் விட்டு மாநிலம் வீட்டுக்கே அனுப்பலாம் என்றானது.

இதைத் துப்பாக்கிக் கம்பெனிகளின் சதி என்று ஒரே வரியில் முடித்துவிட முடியாது. அந்தப் பேரேடுகளால் குற்றப் புலனாய்வுக்குப் பெரிய பயன் இல்லை என்று சொன்னது, துப்பாக்கி விற்பனையைக் கண்காணிக்கும் மத்திய அரசுத் துறையேதான். உண்மையும் அதுதான். ஆயிரக்கணக்கான கடைகளின் அலமாரிகளில் கையெழுத்தில் கிடக்கும் நோட்டுப் புத்தகங்களை யார் புரட்டுவது? வாங்க வருகிறவர் ஜெயிலுக்குப் போய் வந்தவரா, வாங்கத் தடை உள்ளவரா என்பதை அந்த நோட்டு சொல்லாது. விற்ற பிறகு எழுதுகிற கணக்கு அது. விற்குமுன் தடுக்கிற வலு அதற்கு இல்லை.

ஆனால் 1998 நவம்பரில் அந்த வலு வந்துவிட்டது. வாங்குபவரின் பெயரைக் கொடுத்தால் பெரும்பாலும் சில நிமிடங்களில் ஆம், இல்லை என்று பதில் சொல்லும் எஃப்.பி.ஐ.யின் சோதனை முறை நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது. 1986-ல் சொன்ன காரணம் அன்றோடு காலாவதியாகிவிட்டது. தோட்டாவையும் அப்போதே அதில் சேர்த்திருக்க வேண்டும். சேர்க்கவில்லை. துப்பாக்கி விற்பவர் தட்டிப் பார்க்க வேண்டும். தோட்டா விற்பவர் தட்டிப் பார்க்க வேண்டிய கட்டாயம் மத்தியச் சட்டத்தில் இன்றுவரை இல்லை.

ஏழு தோட்டா, பதினைந்து வருஷம்

இதில் கொடுமையான முரண் ஒன்று உண்டு. பெருங்குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர், குடும்ப வன்முறை வழக்கில் தண்டனை பெற்றவர், மனநலக் காரணத்துக்காக நீதிமன்ற ஆணைப்படி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர் முதலானோர் துப்பாக்கி வைத்திருக்க மத்தியச் சட்டம் தடை விதிக்கிறது. அதே தடை தோட்டாவுக்கும் பொருந்தும். துப்பாக்கியே இல்லாமல் ஒற்றைத் தோட்டா வைத்திருந்தாலும் குற்றம்தான். 2022-லிருந்து அதற்கு அதிகபட்சம் 15 ஆண்டுகள் சிறை. அதாவது, வைத்திருந்தால் ஜெயில். விற்பவரோ, எதிரே நிற்பவர் யார் என்று கேட்கத் தேவையில்லை.

டென்னசி மாநிலத்தில் ஒருவர். இளம் வயதில் வீடு புகுந்து திருடிய வழக்குகளில் தண்டனை அனுபவித்தவர். பக்கத்து வீட்டில் கணவரை இழந்த பெண்மணி ஒருவர், இறந்தவரின் சாமான்களை ஒழுங்குபடுத்த அவருடைய உதவியைக் கேட்டார். அந்தச் சாமான்களோடு ஓர் இழுப்பறைப் பெட்டி இவர் வீட்டுக்கு வந்தது. உள்ளே ஷாட்கன் தோட்டாக்கள் ஏழு. பிள்ளைகள் கையில் கிடைத்துவிடக் கூடாது என்று எடுத்து ஒதுக்கி வைத்தார். பிறகு வேறொரு திருட்டுச் சந்தேகத்தில் போலீஸ் வந்து வீட்டைச் சோதனை போட்டது. துப்பாக்கி எதுவும் அகப்படவில்லை. அந்த ஏழு தோட்டாக்கள் அகப்பட்டன. பழைய தண்டனைகள் இருந்ததால் அவருக்கு 15 ஆண்டுகள் சிறை. அதற்குக் கீழே குறைக்க நீதிபதிக்கே அதிகாரம் இல்லை. தோட்டா வைத்திருப்பது தனக்குத் தடை என்பதே தெரியாது என்றார் அவர். 2014-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அந்தத் தண்டனையை உறுதி செய்தது.

அதே டென்னசியில் லக்கி கன்னர் என்ற ஆன்லைன் தோட்டாக் கடை இருக்கிறது. 2012-ல் கொலராடோவிலிருந்து ஒருவன் அந்தக் கடையில் 4,000-க்கும் மேற்பட்ட தோட்டாக்களை வாங்கினான். மற்ற இடங்களிலும் சேர்த்து அவன் ஆன்லைனில் வாங்கியவை 6,000-ஐத் தாண்டும் என்றது போலீஸ். 2012 ஜூலை 20, நள்ளிரவுக் காட்சி. அரோரா நகரத் திரையரங்கில் புதிய பேட்மேன் படம் ஓடிக்கொண்டிருந்தபோது அவன் சுட்டதில் 12 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் ஒருவர் ஜெசிக்கா காவி, வயது 24, விளையாட்டுச் செய்தியாளராக வளர்ந்துகொண்டிருந்தவர்.

ஜெசிக்காவின் தாய் சாண்டி பிலிப்ஸும் அவருடைய கணவர் லோனியும் 2014-ல் அந்தக் கடை உள்ளிட்ட ஆன்லைன் கடைகள்மீது வழக்குத் தொடர்ந்தார்கள். அவர்கள் இழப்பீடு கேட்கவில்லை. இனி இவ்வளவு பெரிய ஆர்டர் வந்தால் வாங்குபவர் யார் என்று ஒரு வார்த்தை விசாரித்து விற்கட்டும் என்று உத்தரவிடச் சொன்னார்கள். அவ்வளவுதான். வழக்கு தள்ளுபடியானது. ஆயுதம் விற்றவரை, அதை வாங்கியவர் செய்த குற்றத்துக்காகப் பெரும்பாலும் கோர்ட்டுக்கு இழுக்க முடியாதபடி 2005-ல் ஒரு மத்தியச் சட்டம் போட்டிருந்தார்கள். அதோடு விடவில்லை. அப்படி வழக்குத் தொடர்ந்து தோற்றவர் எதிர்த்தரப்பின் வக்கீல் செலவையும் கட்ட வேண்டும் என்று கொலராடோ மாநிலச் சட்டம் சொன்னது. மகளைப் பறிகொடுத்த பெற்றோர், அவளைச் சுட்டவனுக்குத் தோட்டா விற்ற கடை உள்ளிட்ட எதிர்த்தரப்புக்கு 2 லட்சம் டாலருக்கு மேல் தர வேண்டும் என்று கோர்ட் சொல்லிவிட்டது. அவர்கள் திவால் மனு கொடுக்க நேர்ந்தது. நியாயத்தின் பெயரால் நடந்த அநியாயம் என்றால் இதுதான். அந்தச் செலவுப் பிரிவைக் கொலராடோ 2023-ல் நீக்கியது. நீக்கிய சட்டத்துக்கு ஜெசிக்காவின் பெயரையே வைத்தார்கள்.

இதற்கிடையில் 2018 மே 18. டெக்சஸின் சான்டா ஃபே உயர்நிலைப் பள்ளியில் 17 வயது மாணவன் ஒருவன் சுட்டதில் 10 பேர் இறந்தார்கள். துப்பாக்கிகள் அவனுடைய அப்பாவின் துப்பாக்கிகள், வீட்டிலேயே இருந்தவை. தோட்டா மட்டும் வெளியிலிருந்து வர வேண்டியிருந்தது. அதே லக்கி கன்னர் தளத்தில், முன்பணம் ஏற்றிய கார்டைக் கொண்டு வாங்கினான். கைத்துப்பாக்கித் தோட்டாவை 18 வயதுக்குக் கீழே உள்ளவருக்கு விற்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. தளம் வயதுக்கு ஆதாரம் கேட்கவில்லை. வயது வந்தவன்தான் என்று கட்டத்தில் டிக் அடித்தால் போதும் என்றிருந்தது. குடும்பங்கள் வழக்குப் போட்டன. இம்முறை வழக்கு தள்ளுபடியாகாமல் நின்றது. 2023-ல் சமரசம் ஏற்பட்டு, வாங்குபவரின் வயதைச் சரிபார்க்கும் முறையைத் தொடர்ந்து கடைப்பிடிக்க அந்தக் கடை ஒப்புக்கொண்டது.

யுவால்டேயில் சோதனை தடுத்திருக்காது என்று முன்னே சொன்னேன். சான்டா ஃபேயில் கட்டாயம் தடுத்திருக்கும். அலமாரியில் அப்பாவின் ரிவால்வர் இருக்கிற பையனுக்கு, சட்டம் குறுக்கே நிற்கக்கூடிய ஒரே இடம் தோட்டா விற்கும் கல்லாதான்.

பழைய துப்பாக்கி, புதுத் தோட்டா

அமெரிக்கப் பொதுமக்களிடம் இருக்கும் துப்பாக்கிகள் ஏறக்குறைய 39 கோடி என்பது ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வே அமைப்பு 2017-ஆம் ஆண்டுக்குச் சொன்ன மதிப்பீடு. மக்கள்தொகையைவிட அதிகம். நாளைக் காலையில் துப்பாக்கி விற்பனையையே நிறுத்தினாலும் இவை இருக்கும். எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்தால் தாத்தா வாங்கிய ரைஃபிள் பேரன் கையிலும் சுடும்.

தோட்டாவின் சங்கதி வேறு. ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். விரல் நீளத்தில் ஒரு பித்தளை உறை. அடிப்பாகத்தின் நடுவே காசு போல வட்டமான பிரைமர். துப்பாக்கியின் ஊசி அதில் அடித்தால் பொறி பறக்கும். உறைக்குள் மருந்து. வாயில் செருகிய ஈயக் குண்டு, பல ரகங்களில் செம்பு பூசியது. அடியில் கம்பெனிப் பெயரின் சுருக்கமும் ரகமும் பொறித்திருக்கும். துப்பாக்கியில் இருப்பதுபோல ஒவ்வொன்றுக்கும் தனி எண் கிடையாது. ஒருமுறை சுட்டால் தீர்ந்தது. மறுபடி சுட மறுபடி வாங்கியாக வேண்டும்.

நியூயார்க் செனட்டராக இருந்த டேனியல் பேட்ரிக் மொய்னிஹான் இதை 1990-களிலேயே புரிந்துகொண்டவர். நாட்டில் உள்ள துப்பாக்கிகள் இரண்டு நூற்றாண்டுக்குக் காணும், தோட்டாக்களோ நாலு வருஷத்துக்குத்தான் காணும், கவனத்தைத் தோட்டாமேல் வையுங்கள் என்பது அவர் வாதம். உடலுக்குள் போய் விரிந்து கிழிக்கும் ரகத் தோட்டாவுக்கு 10,000 சதவீத வரி போடச் சொன்னார். யாரும் கேட்கவில்லை. வரி என்ற அவருடைய வழி எனக்கு உடன்பாடில்லை. பணக்காரன் வாங்குவான், பயந்து வாழும் ஏழை வாங்க முடியாது. நோயைத் தேடி அவர் கை வைத்த இடம் மட்டும் சரியான இடம்.

இந்தியாவின் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் துப்பாக்கி வேறு, தோட்டா வேறு என்று பிரித்துப் பார்க்கவில்லை. துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் சேர்த்தே லைசென்ஸ். கையில் எத்தனை வைத்திருக்கலாம், வருஷத்தில் எத்தனை வாங்கலாம் என்பது லைசென்ஸில் எழுதியிருக்கும். விற்றதைக் கடைக்காரர் அதில் பதிந்து தருவார். இங்கே கள்ளத் துப்பாக்கிகள் இல்லாமல் போய்விடவில்லை என்பது உண்மை. ஆனால் லைசென்ஸ் இல்லாத ஒருவர் கடையில் நுழைந்து ஒரு பெட்டி தோட்டா கேட்க முடியாது.

கலிஃபோர்னியா செய்து பார்த்தது

அமெரிக்காவில் தோட்டா விற்பனைக்கும் சோதனை வைப்பதை முழுமூச்சாகச் செய்து பார்த்த மாநிலம் கலிஃபோர்னியா. 2015 டிசம்பரில் அங்குள்ள சான் பெர்னார்டினோவில் 14 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அப்போது துணை ஆளுநராக இருந்த கேவின் நியூசம் முன்னின்று நடத்திய பிரசாரத்தில், 2016 நவம்பரில் மக்களே வாக்களித்து இதற்கான சட்டத்தை நிறைவேற்றினார்கள். 2018 முதல் தோட்டா நேராக வீட்டுக்கு வரக் கூடாது. லைசென்ஸ் உள்ள கடை வழியாகத்தான் வர வேண்டும். 2019 ஜூலை 1 முதல் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பின்னணிச் சோதனை. மாநிலப் பதிவில் ஏற்கெனவே துப்பாக்கி உள்ளவருக்கு அப்போது 1 டாலர் கட்டணம். மற்றவருக்கு 19 டாலர்.

இதை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போனவர்களில் முதல் பெயர் கிம் ரோட். 1996 அட்லாண்டா முதல் 2016 ரியோ வரை தொடர்ந்து ஆறு ஒலிம்பிக்கில் பதக்கம் வென்ற துப்பாக்கிச் சுடும் வீராங்கனை. தினமும் பயிற்சிக்கு நூற்றுக்கணக்கில் தோட்டா செலவழிப்பவர். அவருடைய குறையைச் சாதாரணமாக ஒதுக்கிவிட முடியாது. சட்டம் வந்த முதல் ஏழு மாதங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட முறை சோதனை 'இல்லை' என்று திருப்பி அனுப்பியது. அப்படித் திரும்பியவர்களில் மிகப் பெரும்பாலோர் குற்றவாளிகள் இல்லை. வீடு மாறி முகவரி மாற்றாதவர், பெயரின் எழுத்து ஒன்று பதிவோடு ஒத்துப்போகாதவர், பழைய துப்பாக்கி மாநிலப் பதிவில் ஏறாதவர் இப்படி. ஓட்டுநர் உரிமத்தில் மத்திய அரசின் தரத்துக்கு உட்படாதது என்ற குறிப்பு இருந்தால் பாஸ்போர்ட்டோ பிறப்புச் சான்றிதழோ கொண்டுவா என்றார்கள். உண்மையிலேயே தடை உள்ளவர்கள் என்று தெரியவந்து தடுக்கப்பட்டவர்கள் சுமார் 750 பேர்.

சான் டியாகோ மத்திய நீதிமன்ற நீதிபதி ரோஜர் பெனிடெஸ் இந்த எண்களை எடுத்துக்காட்டி 2020 ஏப்ரலில் சட்டத்துக்குத் தடை விதித்தார். மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தடையை நிறுத்திவைத்ததால் சோதனை தொடர்ந்தது. 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் புரூவன் வழக்கில் ஓர் அளவுகோலை வகுத்தது: ஆயுதக் கட்டுப்பாடு எதுவானாலும் நாட்டின் வரலாற்று மரபில் அதற்கு இணையானது இருக்க வேண்டும். அதை வைத்து 2024 ஜனவரியில் பெனிடெஸ் மறுபடி தடை விதித்தார். 2025 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் மூவர் அமர்வில் இருவர் அவர் பக்கம் நின்றார்கள். பெரும்பாலோருக்கு ஒரு டாலர், ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரம், இதை உரிமைப் பறிப்பு என்பதா என்று மூன்றாமவரான ஜே பைபீ மாறுபட்டார். மாநில அரசு கூடுதல் நீதிபதிகள் கொண்ட அமர்வை நாடியது.

18-ஆம் நூற்றாண்டில் தோட்டாவுக்குப் பின்னணிச் சோதனை இருந்ததா என்று தேடினால் கிடைக்காதுதான். வெடிமருந்தைக் கொம்பில் கொட்டி வைத்து, ஈயத்தை வீட்டில் உருக்கி அச்சில் வார்த்த காலம் அது. அன்று இல்லாத ஆபத்துக்கு அன்றே மருந்து இருந்ததா என்று கேட்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. கலிஃபோர்னியாவின் கோளாறு பதிவேட்டுக் கோளாறு. லட்சம் முறை தவறாகத் திருப்பி அனுப்பியதற்கு அரசு பதில் சொல்லியாக வேண்டும். பதிவேட்டைத் திருத்தியாக வேண்டும். அதைக் காரணம் காட்டி அந்த 750 பேருக்கும் கதவைத் திறந்துவிடச் சொல்வது முறையல்ல. அவர்கள் கடையிலிருந்து வெறுங்கையோடு திரும்பினார்கள். டென்னசிக்காரரைப் போல வீட்டுக்குள் வைத்திருந்து அகப்பட்டு 15 வருஷம் உள்ளே போவதைவிட, தோட்டாவே கிடைக்காமல் போவது அவர்களுக்கும் நல்லதுதானே?

2023 செப்டம்பரில் நியூயார்க்கும் இந்தச் சோதனையைத் தொடங்கியது. அடுத்த ஆண்டுக்குள்ளேயே அலபாமா, ஓக்லஹோமா, டெக்சஸ் மாநில மளிகைக் கடைகள் சிலவற்றில் தோட்டா விற்கும் தானியங்கி இயந்திரங்கள் வந்தன. அடையாள அட்டையையும் முகத்தையும் ஒப்பிட்டு 21 வயது ஆகிவிட்டதா என்று அவை பார்க்கின்றன. வாங்கத் தடை உள்ளவரா என்று பார்ப்பதில்லை. மத்தியச் சட்டம் கேட்காததை இயந்திரம் ஏன் கேட்கப் போகிறது?

ஒரு மாநிலம் மட்டும் தனியாக நின்று இதைச் சாதிக்க முடியாது. கலிஃபோர்னியாவிலிருந்து காரில் கிளம்பினால் சில மணி நேரத்தில் நெவாடா, அரிசோனா. வாங்கிக்கொண்டு வருவது சட்டவிரோதம்தான். எல்லையில் ஒவ்வொரு டிக்கியையும் யார் திறந்து பார்ப்பது?

2018 பிப்ரவரி 14 அன்று ஃபுளோரிடாவின் பார்க்லேண்ட் பள்ளியில் கொல்லப்பட்ட 17 பேரில் ஜேமி குட்டன்பெர்க்கும் ஒருத்தி, வயது 14. அவள் பெயரில் ஒரு மசோதாவை டெபி வாசர்மன் ஷுல்ட்ஸ் என்ற உறுப்பினர் நாடாளுமன்றத்தில் கொண்டுவந்தார். தோட்டா வாங்குபவருக்கும் பின்னணிச் சோதனை வேண்டும் என்பதுதான் அதன் சாரம். பலமுறை கொண்டுவந்தும் அது இன்னும் சட்டமாகவில்லை. புதிதாகத் துறையோ அலுவலகமோ அதற்குத் தேவையில்லை. எஃப்.பி.ஐ.யின் கணினி 1998-லிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. துப்பாக்கியோடு தோட்டாவும் விற்கிற கடைக்காரர்களுக்கு அது பழகியதுதான். அடுத்த அலமாரியிலிருந்து ரைஃபிளை எடுத்துக் கொடுக்குமுன் தினமும் அதைத் தட்டிப் பார்க்கிறார்கள். தோட்டாப் பெட்டியை எடுத்துக் கொடுக்குமுன்னும் தட்டிப் பார்க்கச் சொல்கிறது அந்த மசோதா.